எல்சாட் கோச்சிங்குக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

அமெரிக்காவில் இளங்கலை படித்துக்கொண்டே லா ஸ்கூலுக்கும் அதன் நுழைவுத் தேர்வான எல்சாட்டுக்கும் தயாராகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1,400 டாலரைத் தொலைத்தது என்னோடு போகட்டும்.

2024 செப்டம்பரில், மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் ஒரு தனியார் ஆலோசகரிடம் சேர்ந்தேன். எல்சாட் பயிற்சி, விண்ணப்ப ஆலோசனை எல்லாம் ஒரே பேக்கேஜ், முழுப் பணமும் முன்கூட்டியே. வாய் நிறையத் தமிழில் பேசினார், அதில்தான் விழுந்தேன். "ரசீதையாவது ஒழுங்கா வாங்கி வை" என்றார் அண்ணன். வாங்கினேன்.

ஆறு வாரமும் லாஜிக் கேம்ஸ்தான். ஏழு பேர் வட்ட மேசையில் உட்கார வேண்டும், அவருக்குப் பக்கத்தில் இவர் கூடாது, இன்னார் எதிரில் இன்னார் என்கிற வகை. கட்டம் போட்டுப் போட்டே இரண்டு நோட்டு தீர்ந்தது. எனக்கு அது பிடித்தும் போய்விட்டது, அதுதான் கொடுமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்சாட்டை நடத்தும் அமைப்பான எல்எஸ்ஏசியின் லாஹப் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தேர்வைத் திறந்தேன். லாஜிகல் ரீசனிங் இருந்தது, ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் இருந்தது. கேம்ஸை மட்டும் காணோம். தேடிப் பார்த்தால், 2024 ஆகஸ்ட் தேர்விலிருந்தே அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்களாம். அறிவிப்பு 2023 அக்டோபரிலேயே வந்திருக்கிறது! அவரிடம் கேட்டேன். "மூளைக்குப் பயிற்சிதானே தம்பி" என்றார்.

பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் கேம்ஸ் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம்தான் அவர் சொன்ன மற்றதையும் சரிபார்க்க ஆரம்பித்தேன். கெமிஸ்ட்ரியில் எனக்கு சி. அதைத் திரும்ப எடுத்தால் பழைய கிரேடு அழிந்துவிடும் என்று சொல்லியிருந்தார். கல்லூரிக் கணக்கில் அழியலாம். ஆனால் எல்எஸ்ஏசி தனியாக ஒரு ஜிபிஏ, அதாவது கிரேடு சராசரி, கணக்கிடுகிறது. டிரான்ஸ்கிரிப்டில் பழைய கிரேடும் இருந்தால் இரண்டையுமே சேர்த்துக்கொள்வார்கள். நல்லவேளை, அடுத்த செமஸ்டருக்குப் பதிவு மட்டும்தான் செய்திருந்தேன். அதை விட்டுவிட்டுத் தத்துவப் பாடம் ஒன்றை எடுத்தேன்.

பர்சனல் ஸ்டேட்மென்ட்டை, அதாவது விண்ணப்பத்தோடு நம்மைப் பற்றி எழுதும் கட்டுரையை, அவரே எழுதித் தருவதாகவும் சொன்னார், 300 டாலர் தனி. விண்ணப்பத்தில் எழுதியது நான்தான் என்று உறுதி கொடுக்கப்போவது நான். பின்னால் வழக்கறிஞராகப் பதிவு பெறும்போது நடத்தை விசாரணை என்று ஒன்று உண்டு. அங்கே பதில் சொல்லப்போவதும் நான்தான், அவரில்லை.

இத்தனைக்கும் எங்கள் கல்லூரியிலேயே லா ஸ்கூலுக்குப் போகிறவர்களுக்கு வழிகாட்டும் பிரி-லா அட்வைசர் ஒருவர் இருந்திருக்கிறார், கட்டணமே இல்லை. லா ஸ்கூலுக்கென்று மேஜரை மாற்ற வேண்டாம், அமெரிக்க பார் அசோசியேஷன் (வழக்கறிஞர் சங்கம்) எந்தப் பாடத்தையும் தனியாகப் பரிந்துரைப்பதில்லை என்று இருபது நிமிடத்தில் தெளிவாகச் சொல்லி அனுப்பினார்.

பாதிப் பணமாவது கொடுங்கள் என்று ஆலோசகரிடம் கேட்டேன். பயிற்சிக்கான பிடிஎஃப்பைத் திறந்துவிட்டாய், ரீஃபண்ட் கிடையாது என்றார். சரி, ரசீது இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தேன். "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டும் போட்டிருந்தது. எல்சாட் என்ற சொல்லே அதில் இல்லை.