யூனிட்டா, காசா? கூரைச் சோலருக்கு இரண்டு கணக்கு

பரந்தன் பக்கம் சின்ன அரிசி ஆலை வைத்திருக்கும் மச்சான் கூரையில் சோலர் போடப்போறார். "நெட் மீற்றரிங்கா, நெட் அக்கவுண்டிங்கா?" என்று கேட்டார்.

இலங்கையில் 2010இல் வந்த நெட் மீற்றரிங்கில் காசு கைக்கு வராது. பாவித்தது போக மிஞ்சி லைனுக்குப் போன யூனிட் அடுத்த மாதக் கணக்கில் நிற்கும். ஆலைக்கு இது அளவெடுத்துத் தைத்தமாதிரி. காலபோக நெல் வந்து குவியும் மாசியிலும் பங்குனியிலும் மோட்டர் ஓயாது, பிறகு சும்மா கிடக்கும் மாதங்களில் யூனிட் சேரும். மாரியில் கார்த்திகை, மார்கழி வானம் மூடிக்கிடந்தாலும் முன்பு சேர்த்தது கைகொடுக்கும். இன்னொன்று: 2022, 2023இல் மின்கட்டணம் ஏறினபோது சேமித்த யூனிட்டின் பெறுமதியும் கூடவே ஏறினது.

2016இல் வந்த அக்கவுண்டிங்கில் மிச்சத்துக்குக் காசு. தொடக்கத்தில் முதல் 7 வருசத்துக்கு யூனிட் 22 ரூபா, பிறகு 15.50. புதிதாய்ச் சேருகிறவர்களுக்கான விலை பின்னர் மாறிவிட்டது, ஆகவே பழைய விலையை நம்பி வங்கிக் கடன் எடுக்கவேண்டாம். பகலில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இது நல்லது, தவணைக்கும் உதவும்.

மச்சானுக்கு மீற்றரிங் என்றேன்.

எதை எடுத்தாலும் பற்றரி இல்லாவிட்டால் கரண்ட் நிற்கும்போது சோலரும் நிற்கும். போன கிழமை எங்கள் வீட்டில் கரண்ட் நின்றது. உச்சி வெயில், தகட்டில் கை வைக்கேலாத சூடு, உள்ளே காற்றாடி ஓடேல்லை. லைனில் வேலை செய்கிறவருக்கு மின் தாக்காமலிருக்க, தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாய் மாற்றும் இன்வேட்டர் தானாகவே நிற்கும். அம்மா பனையோலை விசிறியைத் தேடி எடுத்தா.