பினாங்கில் இருந்துகொண்டு மாமாவுக்கு முன்ஜாமீன் வாங்கிய கதை

லிட்டில் இந்தியாவில், லெபோ பசார் பக்கம், ஒரு கடைக்கு மேல்மாடியில் அந்த அலுவலகம். டிக்கெட், விசா, ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர் அட்டை) என்று எல்லாம் செய்து தருவார்கள். எங்கள் குடும்பத்துக்கே மூன்று விசா அங்கேதான் எடுத்தோம், ஒரு குறையும் இல்லை. அந்த நம்பிக்கையில்தான் 7,500 வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பெயரை இங்கே எழுதவில்லை. போலீஸ் ரிப்போர்ட் போட்டிருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும்.

புதுக்கோட்டைப் பக்கம் என் தாய்மாமாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வேலித் தகராறு. வாய்ச்சண்டை கைகலப்பாகி, அவர் புகார் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். மாமா பயந்துபோய்த் திருச்சியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டில் இருந்த அத்தையிடம் போலீஸ்காரர் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன் படம் அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு வந்தது. மறுநாளே அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

அங்கே இருந்த ஏஜெண்ட் என் போனை வாங்கிப் பார்த்தார். பெருசாக்கிக்கூடப் பார்க்கவில்லை. “தங்கச்சி, இது வாரண்ட். ஆளைப் பார்த்த இடத்துலயே தூக்கிடுவாங்க. முன்ஜாமீன் எடுத்தாதான் உண்டு. மதுரை ஐகோர்ட்டுல நமக்கு ஆள் இருக்கு” என்றார். முன்ஜாமீன் என்றால் கைதாவதற்கு முன்னாலேயே கோர்ட்டில் வாங்கி வைக்கும் ஜாமீன். வக்கீலுக்கு 3,000, கோர்ட்டில் கட்டும் டெபாசிட்டுக்கு 4,500. முதல் தொகையை பேங்கில் அனுப்பினேன். இரண்டாவதைக் கையில்தான் கொடுக்கவேண்டும் என்றார். ரசீது கேட்டதற்கு, “கோர்ட் ரசீதே வரும்மா, என் ரசீது எதுக்கு?” என்று சிரித்தார்.

டெபாசிட் என்றதும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. சில வருஷத்துக்கு முன்னால் இங்கே ஜார்ஜ்டவுன் கோர்ட்டில் கூட வேலை செய்தவருக்கு ஜாமீன் எடுக்கப் போயிருந்தேன். பேங்கில் கணக்குத் திறந்து, பணத்தைப் போட்டு, புத்தகத்தைக் கோர்ட்டில் கொடுத்துவிட்டு வந்தோம். ஜாமீன் என்றால் பணம் கட்டுவது என்பதுதான் மனசில் பதிந்திருந்தது. ஊரில் பெரும்பாலும் அப்படி இல்லை. இவ்வளவு ரூபாய்க்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள், ஜாமீன்தாரர் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். ஆள் வராமல் ஓடிவிட்டால்தான் அந்தப் பணம் பேச்சுக்கே வரும். சில வழக்குகளில் ரொக்கமாகக் கட்டச் சொல்வதும் உண்டுதான், ஆனால் ஜட்ஜ் உத்தரவு போடுவதற்கு முன்னாலேயே யாரும் டெபாசிட் வாங்க மாட்டார்கள். நமக்குப் பழக்கப்பட்ட மலேசிய முறையை வைத்தே நம்மை ஏமாற்றுகிறார்கள்.

பத்து நாள் கழித்து ‘ஆர்டர்’ வந்தது. பி.டி.எஃப்., மேலே சிங்க முத்திரை கரைந்த மாதிரி, கீழே ஊதா ரப்பர் ஸ்டாம்ப். அதோடு “சூரிட்டி பணம்” (ஜாமீன்தாரர் பணம்) என்று இன்னும் 6,000 கேட்டார். இங்கேதான் மாமா மகள் குறுக்கே வந்தாள். “மச்சி, பணம் அனுப்பாதே, நான் ஒருத்தரைக் கேட்கிறேன்” என்று எஃப்.ஐ.ஆர். நகலை எடுக்கப் போனாள். அதற்கு யார் காலிலும் விழவேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் போடவேண்டும் என்று 2016-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, பாலியல் குற்றம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு போலீஸ் தளத்திலேயே எடுத்துவிட்டாள். எடுத்துக்கொண்டு புதுக்கோட்டை கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் போனாள்.

அவர் கேட்ட முதல் கேள்வி: “முன்ஜாமீனா? இதுக்கா?”

இரண்டாவது கேள்வி: “வக்காலத்துல உங்க அப்பா கையெழுத்துப் போட்டாரா?”

மாமா எதிலுமே கையெழுத்துப் போடவில்லை. அவர் சார்பாக ஒரு வக்கீல் ஆஜராக வேண்டுமென்றால் அவர் வக்காலத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்ற சாதாரண விஷயம் எங்கள் ஒருவர் மண்டையிலும் உதிக்கவில்லை.

எஃப்.ஐ.ஆரில் இருந்தவை மூன்று பிரிவுகள், இந்தியாவின் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 115(2), 126(2). அசிங்கமாகத் திட்டியது, அடித்தது, வழி மறித்தது. மூன்றுமே ஜாமீனில் விடக்கூடியவை. அப்படிப்பட்ட வழக்கில் ஜாமீன் கொடுப்பது தயவு இல்லை, உரிமை. ஸ்டேஷனிலேயே விடவேண்டும். முன்ஜாமீன் என்பது அப்படி உரிமையாக ஜாமீன் கிடைக்காத, கோர்ட் பார்த்துத் தீர்மானிக்கும் குற்றத்துக்குத்தான். அத்தையிடம் கொடுத்த காகிதம் வாரண்டும் இல்லை, விசாரணைக்கு வரச்சொல்லும் நோட்டீஸ், புதிய நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவில் கொடுப்பது. சொன்ன நாளில் போய் ஒத்துழைத்தால் சாதாரணமாகக் கைது செய்ய மாட்டார்கள். போகாமல் ஒளிந்துகொண்டால்தான் சிக்கல். மாமாவைப் பதினாறு நாள் ஒளிய வைத்தது எங்கள் 7,500 வெள்ளிதான்.

அந்த ‘ஆர்டர்’ பற்றியும் வக்கீல் சொன்னார். அதில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யின் முன்ஜாமீன் பிரிவு, 438 என்று போட்டிருந்தது. இந்தியாவில் 1-7-2024 முதல் அந்தச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது, முன்ஜாமீன் இப்போது 482. மாமா வழக்கு 2025-இல் நடந்தது. சென்னை ஐகோர்ட்டின் மதுரைக் கிளை வழக்கு எண்ணில் மதுரையைக் குறிக்க வரும் ‘எம்.டி.’ என்ற எழுத்தும் இல்லை. கோர்ட் தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் வேறு யாருடைய வழக்கோ வந்தது. தேடுவதற்கு ஒரு காசு கிடையாது.

மாமா வக்கீலோடு ஸ்டேஷனுக்குப் போனார். இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட்டார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். வழக்கு இன்னும் நடக்கிறது, அது வேறு கதை.

உங்கள் வீட்டிலும் ஊரில் இருந்து இப்படி ஒரு போன் வந்தால், ஏஜெண்டிடம் போவதற்கு முன்னால் எஃப்.ஐ.ஆரில் என்ன பிரிவு என்று கேளுங்கள். கைதே ஆகிவிட்டாலும், காரணத்தைச் சொல்லவேண்டும், வீட்டாருக்குத் தெரிவிக்கவேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஊரில் இருப்பவர்கள் சட்ட உதவி எண் 15100-ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம். பணம் அனுப்பிய பிறகு புரிந்தால் உடனே இங்கே மோசடிப் புகார் எண் 997-க்கு அடியுங்கள். நான் ஆறு வாரம் கழித்துப் போனேன், பணம் எப்போதோ கைமாறியிருந்தது. இப்போது பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம். பேங்க் சிலிப் இருக்கும் 3,000-க்காவது வழி பிறக்கும் என்று நினைக்கிறேன். கையில் கொடுத்த 4,500-க்கு என்னிடம் இருப்பது அவர் அனுப்பிய “ஓகே தங்கச்சி” என்ற ஒரு வாய்ஸ் மெசேஜ்தான்.

போன சனிக்கிழமை அந்தப் பக்கம் பூ வாங்கப் போனேன். மாடியில் விளக்கு எரிந்தது, படிக்கட்டில் ஒரு வயசான அம்மா கையில் பிளாஸ்டிக் உறையோடு ஏறிக்கொண்டிருந்தார். கூப்பிட்டு நிறுத்தினேன். நல்லவேளை, அது விசா ஃபாரம்தான்.