எந்த நோய்க்கு எவ்வளவு: அமெரிக்காவின் நோய்வாரிச் செலவுக் கணக்கைப் பற்றி ஒரு மெடிக்கல் கோடரின் மதிப்புரை

சென்னையில் பன்னிரண்டு ஆண்டுகளாக மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். அமெரிக்க மருத்துவமனைகளிலிருந்து வரும் சார்ட்டுகளை, அதாவது நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளைப் படித்து, மருத்துவர் எழுதியிருக்கும் ஒவ்வொரு நோய்க்கும் உரிய ஐ.சி.டி. (நோய்களின் சர்வதேச வகைப்பாடு) குறியீட்டை இடுவது என் பணி. முடித்து அனுப்பிய சார்ட் அதற்குப் பிறகு எங்கே போகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்து, மருத்துவமனை பணம் கேட்டு அனுப்பிய கிளெய்ம் திரும்பி வந்தால் மட்டுமே அதை மறுபடி பார்ப்போம். அப்படிப் போன கிளெய்ம்கள் ஒன்றுசேர்ந்து, ஒரு நாடு எந்த நோய்க்கு எவ்வளவு செலவிடுகிறது என்ற கணக்காக மாறி நிற்பதை, சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐ.எச்.எம்.இ. ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். இலவசமாகக் கிடைக்கும் அந்தச் சேவையைச் சில மாதங்களாகத் தொடர்ந்து பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

இப்படி ஒரு கணக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க அரசின் அதிகாரபூர்வக் கணக்கின்படி 2023-ஆம் ஆண்டில் அந்நாட்டின் மருத்துவச் செலவு 4.9 லட்சம் கோடி டாலர். அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 17.6 சதவீதம். மருத்துவமனைக்கு எவ்வளவு, மருத்துவருக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, அவற்றில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கொடுத்தது எத்தனை, தனியார் காப்பீடு கொடுத்தது எத்தனை என்பதையெல்லாம் அந்தக் கணக்கு ஒழுங்காகப் பிரித்துக் காட்டும். ஆனால் சர்க்கரை நோய்க்கு எவ்வளவு, இதய நோய்க்கு எவ்வளவு என்று கேட்டால் அதில் விடை கிடையாது. ஒரு குடும்பம் மருந்துக்கடைக்கும் மருத்துவமனைக்கும் கொடுத்த தொகையைத் தனித்தனியே எழுதி வைத்துவிட்டு, வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பதை எழுதாமல் விட்டதைப் போன்றது அது.

அந்த இடைவெளியைத்தான் ஐ.எச்.எம்.இ. நிரப்புகிறது. 2025 பிப்ரவரியில் ஜாமா மருத்துவ இதழில் வெளியான அதன் அண்மைப் பதிப்பு, 4,000 கோடிக்கும் மேற்பட்ட காப்பீட்டுக் கிளெய்ம்களை ஆராய்ந்து, 2010 முதல் 2019 வரையிலான செலவை 148 நோய்நிலைகளாகவும் 3,110 கவுண்டிகளாகவும் (நம் மாவட்டம் போன்ற உட்பிரிவு) பிரித்துத் தருகிறது. வயது, பாலினம், பணம் கொடுத்தவர், சிகிச்சையின் வகை என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். 2019-ஆம் ஆண்டில் முதலிடம் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு: 14,390 கோடி டாலர். அடுத்து, மூட்டு வலியும் எலும்புத் தேய்வும் அடங்கிய ‘பிற தசை, எலும்புக் கோளாறுகள்’ 10,860 கோடி. மூன்றாவது இடத்தில் பல், வாய் நோய்கள் 9,300 கோடி. மாரடைப்பை உள்ளடக்கிய இதயக் குருதிக்குழாய் நோய் 8,070 கோடியுடன் அதற்கும் கீழே நிற்கிறது. பல் செலவு இதயச் செலவைத் தாண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் யாரும் நினைத்ததில்லை. பல் சிகிச்சைக்கான கிளெய்ம்கள் வேறு வழியில் போவதால் அவை எங்கள் கண்ணில் படுவதே இல்லை.

இந்தத் தளத்தில் நான் மிக அதிக நேரம் செலவிட்டது கவுண்டி வரைபடத்தில்தான். வயது வேறுபாட்டைச் சமன்செய்த பிறகும், ஐடஹோ மாநிலத்தின் கிளார்க் கவுண்டியில் தலைக்கு 3,410 டாலராக இருக்கும் செலவு, நியூயார்க்கின் நசாவ் கவுண்டியில் 13,332 டாலராக இருக்கிறது. ஒரே நாட்டுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்கு வித்தியாசம். கட்டணம்தான் காரணமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் கவுண்டிகளுக்கு இடையிலான வேறுபாட்டில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, மக்கள் எத்தனை முறை சிகிச்சைக்குச் செல்கிறார்கள் என்பதிலிருந்தே வருகிறது என்று ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். இதே குழு 1996 முதல் 2013 வரையிலான காலத்தை முன்னர் ஆராய்ந்தபோது கிடைத்த விடை வேறு. அந்த 17 ஆண்டுகளில் கூடிய 93,350 கோடி டாலரில் பாதிக்குக் காரணம், கட்டணமும் ஒவ்வொரு சிகிச்சையிலும் கூடிய தீவிரமுமே. சர்க்கரை நோய்க்கு மட்டும் அப்போது கூடியது 6,440 கோடி. அதில் 4,440 கோடி மருந்துக்கே போயிருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு ஏற்றுவது விலை, ஊருக்கு ஊர் மாற்றுவது பயன்பாடு என்ற இந்த வேறுபாட்டை எண்களோடு காட்டியதற்காகவே இந்தக் கணக்கை நான் மதிக்கிறேன்.

இனி என் தொழிலோடு தொடர்புள்ள இடத்துக்கு வருகிறேன். ஒரு பில் எந்த நோயின் கணக்கில் எழுதப்படுகிறது என்பதே இப்படிப்பட்ட எந்த அட்டவணைக்கும் அடித்தளம். எனக்கு அடிக்கடி வரும் ஒரு வகைச் சார்ட்டை எடுத்துக்கொள்வோம். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை. இப்போது சிறுநீரகம் பழுதடைந்து அதற்காக மருத்துவரைப் பார்க்க வந்திருக்கிறார். சிறுநீரகம் பழுதானதற்குக் காரணம் எதையும் மருத்துவர் எழுதவில்லை. ஆனால் ஐ.சி.டி.–10 கோடிங் விதியின்படி, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் தெளிவாகக் குறிப்பிடாதவரை, சர்க்கரையால்தான் சிறுநீரகம் பழுதானது என்று கொள்ள வேண்டும். ஆகவே சர்க்கரையால் வந்த சிறுநீரகக் கோளாறுக்குரிய ஈ11.22 முன்னே போகிறது. சிறுநீரகக் கோளாறு எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லும் என்18 குறியீடு பின்னே வருகிறது. முதல் குறியீட்டை மட்டும் பார்த்துக் கணக்கு எழுதினால், சிறுநீரகத்துக்கான அந்தச் செலவு முழுவதும் சர்க்கரை நோயின் பெயரில் ஏறிவிடும். அது மருத்துவ ரீதியாகத் தவறும் அல்ல, முழு உண்மையும் அல்ல.

நெஞ்சு வலி இன்னும் தெளிவான உதாரணம். மருத்துவர் ‘இதயக் குருதிக்குழாய் நோயாக இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புறநோயாளியாகவோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ வந்து வீடு திரும்பியவராக இருந்தால், ‘இருக்கலாம்’ என்பதை நாங்கள் நோயாகக் குறிக்கக் கூடாது. நெஞ்சு வலி என்ற அறிகுறிக்குரிய ஆர்07.9 மட்டுமே போகும். உள்நோயாளியாகச் சேர்ந்து, டிஸ்சார்ஜ் ஆகும்போதும் அதே சொல் எழுதப்பட்டிருந்தால், அந்த நோய் உறுதியானதைப் போலவே குறியிட வேண்டும். மருத்துவரின் ஐயம் ஒன்றுதான். நோயாளி கட்டிலில் தங்கினாரா இல்லையா என்பதைப் பொறுத்துப் பணம் போய்ச்சேரும் கணக்கு மாறிவிடுகிறது.

இதை அறிந்தவர்களே ஐ.எச்.எம்.இ.-இன் கணக்கை உருவாக்கியிருக்கிறார்கள் என்பது அதைப் பயன்படுத்தும்போது விளங்குகிறது. ஒருவருக்குப் பல நோய்கள் சேர்ந்திருப்பதால் செலவு எவ்வளவு கூடுகிறது என்பதைப் புள்ளியியல் முறையில் மதிப்பிட்டு, முதல் குறியீட்டின் தலையில் விழுந்த பணத்தில் ஒரு பங்கை உரிய நோய்க்கு மாற்றி வைக்கிறார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் மேல் வரம்பும் கீழ் வரம்பும் தருகிறார்கள். அமெரிக்க வணிகத் துறையின் கீழுள்ள பொருளாதாரப் பகுப்பாய்வு அமைப்பும் 2015 முதல் நோய்வாரிக் கணக்கு ஒன்றை வெளியிடுகிறது. அதன் எக்செல் அட்டவணைகள் பார்வைக்கு வறண்டவை. ஆயினும் ‘அறிகுறிகளும் தெளிவற்ற நிலைகளும்’ என்ற பிரிவை அது மறைக்காமல் தனியாக வைத்திருக்கிறது. வழக்கமான உடல் பரிசோதனைகளும் அதில்தான் சேர்கின்றன. அது சிறு பிரிவும் அல்ல. நோய் இன்னதென்று உறுதியாவதற்கு முன்பே எவ்வளவு பணம் செலவாகிறது என்பதை அறிய விரும்புபவர் அந்த அட்டவணையையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு கணக்குகளை ஒப்பிடும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு 2013-ஆம் ஆண்டே சான்று. ஹெல்த் அஃபேர்ஸ் இதழில் சுகாதாரப் பொருளாதார ஆய்வாளர் சார்லஸ் ரோரிக் எழுதிய கட்டுரையின்படி அவ்வாண்டில் மிக அதிகச் செலவு மனநோய்களுக்கு: 20,100 கோடி டாலர். அதே ஆண்டுக்கு ஐ.எச்.எம்.இ. சொன்ன முதலிடம் சர்க்கரை நோய். தொகை 10,140 கோடி. இருவரில் ஒருவர் பிழை செய்துவிட்டார் என்று பொருள் அல்ல. ரோரிக் மனநோய்கள் அனைத்தையும் ஒரே தொகுதியாக எடுத்துக்கொண்டு, முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் சிறைகளிலும் மனநல மருத்துவமனைகளிலும் இருப்பவர்களையும் சேர்த்தார், ஐ.எச்.எம்.இ. மனச்சோர்வு, பதற்றம் என்று ஒவ்வொன்றையும் தனி வரியாகப் பிரித்தது. ‘எந்த நோய் முதலிடம்’ என்ற தலைப்பில் ஒரு செய்தியைப் படிப்பவர், அது எத்தனை பிரிவுகளில் முதலிடம் என்று கேட்காமல் நம்பக் கூடாது.

ஐ.எச்.எம்.இ.-இன் சேவையில் எனக்குக் குறைகளும் உண்டு. பதிப்புக்குப் பதிப்பு நோய்ப் பிரிவுகள் மாறுகின்றன: 155, பிறகு 154, இப்போது 148. 2016-க்கான பழைய பதிப்பில் 13,450 கோடி டாலருடன் முதலிடத்தில் இருந்தது கீழ் முதுகு, கழுத்து வலி. அதைப் புதிய பதிப்பின் 2019 எண்களோடு ஒரே கோட்டில் வைத்து, முதுகு வலி குறைந்துவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. இதைத் தளம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். பணம் கொடுப்பவர்களாக மெடிகேர், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட், தனியார் காப்பீடு, சொந்தப் பணம் என்ற நால்வரை மட்டுமே எடுத்துக்கொள்வதால், முன்னாள் படைவீரர்களுக்காக அரசு நடத்தும் மருத்துவமனைகளின் செலவு இதில் வராது. 2015 அக்டோபர் 1 அன்று ஐ.சி.டி.–9 முடிந்து ஐ.சி.டி.–10 வந்தபோது, சுமார் 14,000 நோய்க் குறியீடுகள் இருந்த இடத்தில் 68,000-க்கும் மேற்பட்டவை வந்தன. அந்த மாதங்களில் எங்கள் வேலை பாதியாக வேகம் குறைந்தது. பழைய பழக்கத்தில் பொதுக் குறியீட்டையே இட்டுவிட்டு ஆடிட்டில் மாட்டிக்கொண்டவர்கள் பலர், நானும் அவர்களில் ஒருத்தி. ஆகவே 2014-இலிருந்து 2016-க்குத் தாவும் எந்தக் கோட்டையும் நான் ஐயத்துடனே பார்க்கிறேன். ‘பிற தசை, எலும்புக் கோளாறுகள்’ போன்ற ஒரு பொதுப் பெயர் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருப்பதும் நிறைவு தரவில்லை. பத்தாயிரம் கோடிக்கு மேல் போகும் ஒரு செலவுக்கு ‘பிற’ என்ற பெயர் போதாது.

சுகாதாரப் பொருளாதாரம் படிக்கும் மாணவர்களுக்கும், எங்களைப் போல் இந்தத் துறையில் வேலை செய்பவர்களுக்கும் இந்தத் தளத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முதல் முறை திறப்பவர்கள் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு நகராமல், ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு வயது, சிகிச்சை வகை, பணம் கொடுத்தவர் என்று மூன்று கோணங்களில் பிரித்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் அதன் பயன் புரியும்.

பெரிய குறை ஒன்று மிச்சமிருக்கிறது: கணக்கு 2019-உடன் நின்றுவிடுகிறது. கோவிட் நோய்க்குரிய யூ07.1 குறியீடு 2020 ஏப்ரல் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் வந்த சார்ட்டுகளுக்கு நிமோனியாவின் குறியீட்டை முதலில் இட்டு, பொதுவான கொரோனா வைரஸுக்குரிய பி97.29-ஐ அதன் பின்னே இட்டோம். அந்த ஆண்டின் கணக்கு இந்தத் தளத்தில் ஏறும் நாளில், மார்ச் மாதத்து நோயாளிகளின் செலவு நிமோனியாவின் வரியில் இருக்கிறதா, கோவிட்டின் வரியில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் தேடுவேன்.