தைராய்டு அறுவைக்குப் பின் வாந்தி: டெக்ஸாமெதசோனா, ஒண்டான்செட்ரானா?

தைராய்டு அறுவைக்குப் பின் வரும் வாந்தியை வெறும் அசௌகரியமாக எண்ணிவிடக் கூடாது. உமட்டும்போது கழுத்துச் சிரைகளில் அழுத்தம் கூடி இரத்தம் கசிந்தால், தேங்கும் இரத்தம் மூச்சுக்குழலை நெருக்கக்கூடும்.

வாந்தித் தடுப்பு மருந்தான ஒண்டான்செட்ரான், வாந்தியைத் தூண்டும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் ஏற்பிகளை மறித்து விரைவாக வேலை செய்வதால், வழக்கமாக 4 மி.கி. அளவில் அறுவை முடியும் தறுவாயில் செலுத்தப்படுகிறது. அதன் பயன் குமட்டலோடும் வாந்தியோடும் நின்றுவிடுகிறது. ஸ்டீராய்டான டெக்ஸாமெதசோன் மெதுவாகச் செயல்படத் தொடங்குவதால், மயக்கம் கொடுக்கும் வேளையிலேயே, பெரும்பாலும் 8 மி.கி. வரை, ஒரே தவணையாகத் தரப்படுகிறது. அதன் விளைவு ஒரு நாளுக்கு மேல் நீடிப்பதோடு வீக்கத்தையும் வலியையும் தணிப்பதால், வலிநிவாரணியின் தேவையும் குறைகிறது. குரல்நாண் நரம்பின் பாதிப்பையும் கால்சியம் குறைவையும் இது தடுக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு ஆய்வுகள் ஒருமித்த ஆதரவு தரவில்லை என்பதால், அந்த நம்பிக்கையில் மட்டும் இதைத் தருவது சரியன்று.

டெக்ஸாமெதசோன் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். நீரிழிவு உள்ளவரிடம் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். ஒண்டான்செட்ரான் இதயத்துடிப்பின் க்யூ.டி. இடைவெளியை (ஒவ்வொரு துடிப்பிலும் இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீளும் நேரம்; இது மிக நீண்டால் துடிப்பு ஆபத்தாகத் தடுமாறலாம்) நீட்டக்கூடியது, இந்த அறுவைக்குப் பின் அடிக்கடி நேரும் கால்சியம் குறைவும் அதையே செய்வதால், இங்கே அது சிறிய விஷயமன்று.

ஆகவே சர்க்கரை கட்டுக்குள் உள்ளவருக்கு டெக்ஸாமெதசோனையே முதலில் தேர்வேன். பயணத்தில் வாந்தி வரும் இயல்புள்ள, புகைபிடிக்காத பெண்களைப் போன்று அபாயம் மிகுந்தவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே தருவது நல்லது.