5 அங்குல நீராவி எஞ்சினுக்கு சிசர் லிஃப்ட் டேபிள்: வாங்கலாமா, எதை வாங்கலாம்?

கிடங்குகளில் பெட்டி தூக்குவதற்காகச் செய்த வண்டி இது. நாலு சக்கரம், ஒரு கைப்பிடி, காலால் மிதிக்க ஒரு பெடல், கத்தரி போல விரியும் இரண்டு ஜோடிக் கைகள், மேலே ஒரு இரும்பு மேடை. மினியேச்சர் நீராவி ரயில் எஞ்சின் கட்டுகிறவர்கள் இதைத் தத்தெடுத்துப் பல காலம் ஆகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: 5 அங்குல கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம்) எஞ்சின் வைத்திருப்பவருக்கு 300 கிலோ ஒற்றைக் கத்தரி டேபிள் நல்ல முதலீடு. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் அது எஞ்சினுக்குத் தயாராக இல்லை. இரண்டு நாள் வேலை பாக்கி இருக்கிறது.

5 அங்குல கேஜில் தண்ணீர்த் தொட்டியைத் தன்மேலேயே சுமக்கும் நாலு சக்கரச் சின்ன டேங்க் எஞ்சினே 40 முதல் 60 கிலோ வரும். ஆறு சக்கரம் என்றால் 70, 80 என்று ஏறும். டெண்டர் (நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் இணைப்பு வண்டி) வைத்த பெரிய எஞ்சின், டெண்டரைக் கழற்றிய பிறகும் 100 கிலோவைத் தாண்டிவிடும். 50 கிலோவை இரண்டு பேர் தூக்கலாமே என்றால், எங்கே பிடிப்பது? முன்னும் பின்னும் உள்ள பஃபர் பீம் என்ற குறுக்குச் சட்டம் மட்டும்தான் பிடிக்க லாயக்கானது. பக்கவாட்டில் இருப்பதெல்லாம் மெல்லிய தகட்டு ரன்னிங் போர்டு, கைப்பிடிக் கம்பி, எண்ணெய்க் குழாய். ஒருவர் கை நழுவினால் முதலில் போவது அவைதான், அடுத்தது முதுகு.

எந்த அளவு

சந்தையில் பரவலாகக் கிடைப்பவை 150, 300, 500 கிலோ. 150 கிலோ டேபிளின் மேடை சுமார் 700 × 450 மி.மீ. தாள் கணக்கில் 80 கிலோ எஞ்சினுக்கு அது தாராளம். ஆனால் அந்தக் கொள்ளளவு, எடை மேடை முழுவதும் பரவி நிற்கும்போதுதான் செல்லுபடியாகும். எஞ்சினோ ஒரு ஓரத்திலிருந்து அச்சு அச்சாக ஏறுகிறது. குருவி தலையில் பனங்காய் வைத்த கதைதான். எஞ்சின் எடை டேபிளின் கொள்ளளவில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால் தவறு வராது.

300 கிலோ டேபிளில் மேடை 800 மி.மீ.க்குச் சற்று மேல் நீளம், 500 மி.மீ. அகலம். தாழ்ந்தபோது உயரம் 280 மி.மீ. அளவில், உயர்ந்தபோது 880–900. பெரும்பாலான கார் டிக்கி, வேன் தளத்தின் உயரம் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். எஞ்சினின் மொத்த நீளம் மேடையைவிட அதிகமாக இருந்தாலும் கவலை இல்லை. சக்கர அச்சுகள் எல்லாம் மேடைக்குள் நின்றால் போதும், பஃபர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். 500 கிலோ டேபிளும் பெரும்பாலும் இதே மேடை அளவில்தான் வருகிறது. 5 அங்குலத்துக்கு அதில் கூடுதல் லாபம் எதுவுமில்லை. இரட்டைக் கத்தரி டேபிள் 1300 மி.மீ. வரை போகும் என்று ஆசை காட்டும். வேண்டாம். உயரத்தில் பக்கவாட்டு ஆட்டம் அதிகம், தாழ்ந்த உயரமும் 350-ஐத் தொட்டுவிடுகிறது.

வந்தவுடன் பார்க்க வேண்டியது

பெடலை மிதித்தால் மேடை பஞ்சு போல அமுங்கி அமுங்கி ஏறுகிறதா? மேடையைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரில் காற்று. மேடையில் எடை இல்லாமல், மேடையை இறக்கும் ரிலீஸ் லிவரைப் பிடித்தபடியே பத்துப் பதினைந்து மிதி மிதித்தால் காற்று எண்ணெய்த் தொட்டிக்குத் திரும்பிவிடும். அதற்கும் சரியாகவில்லை என்றால் எண்ணெய் குறைவு. மேடையை முழுக்கத் தாழ்த்திய பிறகே நிரப்ப வேண்டும். உயர்த்தி வைத்து நிரப்பினால், தாழ்த்தும்போது மிச்ச எண்ணெய் தரையில் வழியும்.

மேடை தானாக இறங்குவது இன்னொரு வியாதி. 100 கிலோ மணல் மூட்டைகளை வைத்து, உயரத்தை ஸ்கேலில் குறித்துவிட்டு, மறுநாள் காலை பாருங்கள். ஓரிரு மில்லிமீட்டர் என்றால் விட்டுவிடலாம். 20, 30 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் முதல் சந்தேகம் ரிலீஸ் கேபிள் மேல். தொழிற்சாலையில் அதை முறுக்காகக் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். வால்வு முழுக்க மூடுவதே இல்லை. லிவரில் 2–3 மி.மீ. வெற்று அசைவு இருக்கும்படி நட்டைத் தளர்த்தினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அப்போதும் இறங்கினால் வால்வின் உருண்டைக்கு அடியில் தூசு. எண்ணெயை வடித்து, வால்வைக் கழுவி, புது ஹைட்ராலிக் எண்ணெய் ஊற்ற வேண்டியதுதான்.

எப்படியிருந்தாலும் ஹைட்ராலிக்கை நம்பி எஞ்சினை ராத்திரி முழுக்க மேலே நிறுத்தாதீர்கள். கத்தரிக் கையின் முனையில் உள்ள ரோலர் ஓடும் பாதையில், மேடை இறங்கும்போது ரோலர் நகரும் பக்கத்தில் ஒரு கட்டை இரும்பை இறுக்கி வைத்தால் கத்தரி மடங்க வழியில்லை. மேடைக்கு அடியில் கையை விடுவதற்கு முன்பும் இதே கட்டை.

பெரிய குறை: இறக்கம்

ஏற்றுவதில் இந்த டேபிள் கெட்டிக்காரன். ஒரு மிதிக்கு இவ்வளவு என்று அளந்து ஏறும். கடைசி இரண்டு மில்லிமீட்டரை அரை மிதியில் பிடிக்கலாம். இறக்குவது வேறு கதை. ரிலீஸ் லிவரை மெல்ல அழுத்தினால் ஒன்றும் நடக்காது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் தடாலென்று பத்து மில்லிமீட்டர் போய் நிற்கும். எடை கூடினால் வேகமும் கூடும். மேடை காலியாக இருந்தால் ஊர்ந்து ஊர்ந்து இறங்கி உயிரை வாங்கும். ஆகவே வேலையைத் திட்டமிடும்போது நுணுக்கமான பகுதி எப்போதும் ஏறும் திசையில் வருமாறு வைத்துக்கொள்ள வேண்டும். டிக்கி உயரத்துக்கு மேலே போய்விட்டால், 30 மி.மீ. கீழே இறக்கிவிட்டு மறுபடி மிதித்து ஏற்றுங்கள்.

இன்னொன்றை விளக்கப் புத்தகங்கள் சொல்வதில்லை. ஒற்றைக் கத்தரியில் ஒரு முனை பின் (pin) போட்டு நிலையாக இருக்கும், மறுமுனை ரோலரில் ஓடும். மேடை உயர உயர ரோலர்கள் உள்ளே நகர்ந்துகொண்டே போகும். அதாவது ரோலர் பக்கத்து மேடை ஓரம் அந்தரத்தில் தொங்குகிறது. அந்தப் பக்கமாக எஞ்சினை ஏற்றினால், முதல் அச்சு விளிம்பில் ஏறியதும் மேடை தலையைக் குனியும். தண்டவாள இணைப்பில் படி விழும். சக்கர விளிம்பு முட்டும். பின் போட்ட முனையைக் காரின் பக்கம் திருப்புங்கள். குனிந்து பார்த்தால் எது எந்த முனை என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மேடை மேல் தண்டவாளம்

மேடையில் நேரடியாக எஞ்சினை வைப்பதற்கில்லை. 18 மி.மீ. ப்ளைவுட் பலகை, 1000 × 300. அதன் மேல் 25 × 10 மி.மீ. இரும்புப் பட்டையைக் குத்தாக நிறுத்தி, 30 × 5 பட்டையைக் குறுக்கே வைத்து வெல்டு செய்தால் தண்டவாளம் தயார். உள்முகங்களுக்கு இடையே 127 மி.மீ. என்பது கேஜ், இங்கே அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். வெல்டிங் சூட்டில் பட்டை உள்பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பதால், கேஜ் அளவுக்கு வெட்டிய ஒரு கட்டையை நடுவில் இறுக்கி வைத்தே வெல்டு செய்ய வேண்டும். இல்லையென்றால் நடுவில் 125 ஆகி எஞ்சின் சிக்கி நிற்கும்.

25 மி.மீ. உயரம் எதற்கு? சாம்பல் தட்டு, பிரேக் கம்பி, பம்புக் குழாய் ஆகியவை தண்டவாள மட்டத்துக்குச் சற்று மேலேதான் தொங்குகின்றன. வாங்குவதற்கு முன் உங்கள் எஞ்சினின் மிகத் தாழ்ந்த பாகம் எது என்று அளந்து பாருங்கள்.

மேடையில் துளை போட்டு போல்ட் முடுக்குவது எளிது என்று தோன்றும். போல்ட் முனை கீழே 10 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் மேடை முழுக்கத் தாழும்போது கத்தரிக் கையில் இடிக்கும். ரோலர் ஓடும் கோட்டில் துளை போட்டால் அது இன்னும் மோசம். பலகையின் ஓரத்தில் ஆங்கிள் துண்டுகளை வைத்து மேடையின் விளிம்பைக் கவ்வச் செய்வது மேல், வேண்டாதபோது கழற்றிவிடலாம். இரு முனையிலும் தண்டவாளத்துக்குக் குறுக்கே கழற்றக்கூடிய தடுப்பு அவசியம். 8 மி.மீ. பின்னில் நிற்கும் ஒரு குறுக்குப் பட்டை போதும்.

காரில் ஏற்றுவது

பாய்லர் குளிர்ந்திருக்க வேண்டும், நெருப்பும் சாம்பலும் தட்டில் துளியும் இருக்கக் கூடாது, பாய்லரிலும் தொட்டியிலும் உள்ள தண்ணீரை வடித்துவிட்டால் சில கிலோ மிச்சம். எஞ்சின் சிலிண்டரின் வடிகால் காக்குகளை (சின்னத் திறப்பு வால்வுகள்) திறந்து வையுங்கள். மூடியிருந்தால் பிஸ்டன் காற்றை அழுத்தி, எஞ்சின் கால் சுற்றுக்கு ஒருமுறை முரண்டு பிடிக்கும். அச்சில் ஓடும் பம்பு இருந்தால் அதன் பைபாஸும் (தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பும் வால்வு) திறந்தே இருக்கட்டும்.

டிக்கிக்குள் இதே மாதிரி இன்னொரு தண்டவாளப் பலகை. இரண்டுக்கும் நடுவே 150 மி.மீ. பாலம், இரு முனையிலும் பின். பாலம் கீல் போல மேலும் கீழும் அசைய வேண்டும், ஏனென்றால் எடை உள்ளே போகப் போகக் காரின் பின்பக்கம் 20, 30 மி.மீ. தாழும். இதை எதிர்பார்த்து, தொடக்கத்தில் டேபிளைக் கார் மட்டத்துக்கு 10 மி.மீ. கீழே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் லேசான ஏற்றம், கடைசியில் லேசான இறக்கம். எஞ்சின் தானாக உருண்டு ஓடாது.

பிரேக் போட்டிருந்தாலும் டேபிள் பின்னால் நகரும். 80 கிலோவைத் தள்ளும் விசை முழுக்க எதிர்த்திசையில் டேபிள் மேல்தானே விழுகிறது. எஞ்சின் பாதி காரில், பாதி டேபிளில் இருக்கும்போது இடைவெளி திறந்தால் அப்புறம் பார்க்கவே வேண்டாம். டேபிளின் அடிச் சட்டத்தையும் காரின் இழுப்பு வளையத்தையும் ஒரு குட்டை ராட்செட் பெல்ட்டால் பிணைத்த பிறகே எஞ்சினைத் தொடுங்கள்.

உள்ளே போனதும் எப்படிக் கட்டுவது என்பதில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பெல்ட்டைப் பாய்லருக்கு மேலே போட்டு இறுக்கினால் ஸ்பிரிங்குகள் அமுங்கும், ரன்னிங் போர்டு வளையும், குழாய் இணைப்பு கசியும். சரியான முறை இது: இரு பஃபர் பீமுக்கு அடியிலும், ஃபிரேமைத் தொடும் அளவுக்கு மரக்கட்டை. எஞ்சினின் எடை அதில் கொஞ்சம் உட்கார்ந்துவிடும். சாலைக் குலுக்கல் அச்சுப் பெட்டிக்கும் ஸ்பிரிங்குக்கும் போகாது. பிறகு 25 மி.மீ. பெல்ட்டை இழுப்புக் கொக்கியிலோ பஃபர் பீமிலோ மாட்டி, பலகையோடு சேர்த்துக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். பலகையின் முன்முனை சீட்டின் முதுகில் முட்டி நிற்கட்டும். திடீர் பிரேக்கில் எஞ்சின் முன்னால் பாயாமல் தடுப்பது அந்த முட்டுதான்.

பட்டறையில்

கட்டும் காலத்தில்தான் இந்த டேபிள் போட்ட காசை மீட்டுத் தருகிறது. வால்வு கியரை (நீராவி வால்வுகளை அசைக்கும் கம்பிகள்) உட்கார்ந்து அமைக்கும்போது கண் மட்டத்துக்கு, கேப் (ஓட்டுநர் அறை) கூரை வேலைக்கு இடுப்பு மட்டத்துக்கு என்று உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். நான்கு பக்கமும் சுற்றி வரலாம். பாய்லரைச் சேசிஸில் உட்கார வைக்கும் வேலையில் இதன் அருமை தெரியும். வழக்கமாகப் பாய்லரைக் கயிற்றில் தொங்கவிட்டு மெல்ல இறக்குவார்கள். இங்கே பாய்லர் அசையாமல் தொங்கட்டும், சேசிஸை மிதித்து மிதித்து மேலே கொண்டுவாருங்கள். பாய்லரின் முன்முனைப் புகைப்பெட்டியான ஸ்மோக்பாக்ஸ், அதைத் தாங்கும் சேணத்தில் பொருந்துகிறதா, சாம்பல் தட்டு பின் அச்சில் இடிக்கிறதா என்று ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் நிறுத்திப் பார்க்கலாம்.

லேத்தில் கடைந்த உலோகத் துகள் டேபிளின் ஹைட்ராலிக் சிலிண்டர் தண்டில் ஒட்டினால் சீல் கிழியும். வேலை நடக்கும்போது தண்டுக்கு ஒரு துணி உறை போட்டுவிடுங்கள்.

எங்கே கைகொடுக்காது

7¼ அங்குல எஞ்சின்களில் பலவும் 200 கிலோவை நெருங்கும், மேடைக்குள் அடங்குவதும் அரிது. தரைமட்டத் தண்டவாளத்தில் இறக்கவும் வழியில்லை, 280 மி.மீ.க்குக் கீழே டேபிள் போகாதே. அவர்களுக்கு டிரெய்லர், மூன்று மீட்டர் சாய்வுப் பலகை, ஒரு வின்ச் என்பதே நல்ல வழி.

புல்லிலும் சரளையிலும் இந்தச் சின்னச் சக்கரங்கள் ஓடாது. ப்ளைவுட் விரித்துத்தான் தள்ள வேண்டும், அதுவும் மேடை முழுக்கத் தாழ்ந்த நிலையில் மட்டும். டேபிளே 75, 80 கிலோ இருப்பதால் அதைக் காரில் கூட எடுத்துப்போவது நடக்காது. நீங்கள் எஞ்சின் ஓட்டப் போகும் இடத்தில் லிஃப்ட் மேடை இருக்கிறதா, அதன் தண்டவாள உயரம் என்ன என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். உங்கள் பாலத்தில் உள்ள பின் (pin) அவர்கள் தண்டவாளத்தில் பொருந்தாது என்பதை எழுதி வைத்துக்கொள்ளலாம். பாலத்துக்குப் பதிலாக வைக்க இரண்டு பட்டைத் துண்டும் நாலு ஜி-கிளாம்ப்பும் பையில் இருக்கட்டும்.

பழைய டேபிள் கிடைத்தால் தாராளமாகப் பார்க்கலாம். பெயின்ட் உரிந்திருப்பது பெரிய விஷயமில்லை. சிலிண்டர் தண்டில் துருப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் சீல் நிற்காது. மேடையை உச்சத்துக்கு ஏற்றி ஒரு மூலையைப் பிடித்து ஆட்டுங்கள். கத்தரிக் கைகளின் பின் (pin) துளைகள் தேய்ந்திருந்தால் மூலை விரல் அகலத்துக்கு ஆடும். அந்த டேபிளைப் பெட்டி தூக்குகிறவருக்கே விட்டுவிடுங்கள்.