குவின்டே விரிகுடாவில் எட்டுப் பருவங்கள்: வால்ஐ மீனுக்கு உழைத்த தூண்டில்கள்

எட்டாவது பருவம் முடிந்து, தூண்டில் பெட்டியைக் கழுவிக் காயவைத்தபோது எண்ணிப் பார்த்தேன். செயற்கை இரைகள் மட்டும் எழுபத்து மூன்று. அவற்றில் பல்தடம் பதிந்து வண்ணம் உரிந்தவை பதினொன்று. மற்றவை கடையில் வாங்கிய நாளில் இருந்தபடியே மினுங்குகின்றன. அந்தப் பதினொன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மீனின் பெயர் வால்ஐ. ஒன்ராறியோவில் பலரும் பிக்கரெல் என்பார்கள். நம்மவர்களிடம் சொன்னால் உடனே "வாளையா?" என்று கேட்கிறார்கள், வாளைக்கும் இதற்கும் உறவில்லை. இது பேர்ச் குடும்பத்து நன்னீர் மீன். பொன்னும் ஒலிவப் பச்சையும் கலந்த உடல், வாலின் கீழ்நுனியில் ஒரு வெள்ளைத் திட்டு, பால் படிந்ததுபோன்ற பெரிய கண். அந்தக் கண்ணைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால், மங்கிய வெளிச்சத்தில் இதற்குப் பார்வை நன்றாகத் துலங்கும். விடியல், அந்தி, இரவு, மேகமூட்டம், காற்று கிளறிய கலங்கல் நீர்: இவையே இதன் வேட்டை நேரம்.

நான் பெரும்பாலும் போவது குவின்டே விரிகுடாவுக்கு. ரொறன்ரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ட்ரென்ரன், பெல்வில் நகரங்களைத் தொட்டு, இசட் எழுத்தைப்போல் மடங்கி ஒன்ராறியோ ஏரியோடு சேரும் நீண்ட நீர்ப்பரப்பு. 1980களின் இறுதியில் பேரேரிகளுக்குள் வந்துவிட்ட சீப்ரா மட்டிகள் 1990களில் இங்கும் பெருகி, நீரை வடிகட்டித் தெளியவைத்தன. தெளிந்த நீரில் வெயில் அடிவரை இறங்கியது, களை அடர்ந்தது. பகலில் மீன் களையோரத்துக்கோ ஆழத்துக்கோ ஒதுங்கிக்கொள்கிறது.

முதலில் ஆழம், அடுத்து வேகம், கடைசியில்தான் வண்ணம். எட்டுப் பருவங்களில் எனக்குத் தெளிந்தது இதுதான். எழுபத்து மூன்றில் பெரும்பகுதியை நான் வண்ணத்துக்காகவே வாங்கியிருந்தேன்.

பதினொன்றில் ஐந்து, ஜிக். ஈயத்தலை, ஒற்றைக் கொக்கி, அதில் கோத்த மென்பிளாஸ்டிக் வால், அவ்வளவுதான். பெட்டியிலேயே விலை குறைந்தது இதுதான். (கனடாவின் தேசியப் பூங்காக்களுக்குள் 50 கிராமுக்குக் குறைந்த ஈயத் தூண்டில்களுக்குத் தடை உண்டு, அங்கே டங்ஸ்டன் கொண்டுபோங்கள்.) இதன் அருமையை நான் உணர்ந்தது டெற்றோயிட் ஆற்றில். வசந்த காலத்தில் ஈரி ஏரி மீன்கள் முட்டையிட அந்த ஆற்றில் மேலேறுகின்றன. ஏரியில் கால் அவுன்ஸ் ஜிக் போதும்; அந்த ஓட்டத்தில் முக்கால் அவுன்ஸ் தேவைப்பட்டது. முன்பக்க மின்மோட்டாரால் படகை நீரோட்டத்தின் வேகத்துக்கே ஈடுகொடுத்து மிதக்கவிட வேண்டும். அப்போதுதான் நூல் செங்குத்தாக நிற்கும். நூல் சாய்ந்தால் ஜிக் அடியை விட்டு எழும்பிவிட்டது என்று பொருள்.

அன்று என்னோடு மாமா வந்திருந்தார், மனைவியின் தந்தை. வடமராட்சிக் கரையில் கைத்தூண்டில் போட்டு வளர்ந்தவர். நான் கோலின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நுனியைப் பார்க்காதீர்கள் தம்பி, நூலை விரலில் வைத்திருங்கள்" என்றார். ரீலுக்கு முன்னால் நூலைச் சுட்டுவிரலின் மேல் ஓடவிட்டு, ஜிக்கை அரையடி தூக்கி, நூல் தளராமல் மெல்ல இறக்கிக் காட்டினார். வால்ஐ பெரும்பாலும் ஜிக் இறங்கும்போதுதான் கொத்தும். அது இழுப்பதில்லை, இரையை நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. கோல் அசையாது. விரலில் மட்டும், யாரோ நகத்தால் ஒருமுறை தட்டியதுபோல் தெரியும். சில நேரம் அதுவும் இல்லை, ஜிக் அடியைத் தொடவேண்டிய நேரத்தில் தொடாமல் நின்றுவிடும். அந்தக் கணமே கோலை உயர்த்த வேண்டும். அதுவரை எத்தனை மீனை அறியாமல் விட்டிருப்பேன் என்பதை அன்று மாலைதான் உணர்ந்தேன்.

கணக்கில் சேராத ஒன்று, புழுச்சரம். இரண்டு கொக்கிகள், மேலே மணிகள், சுழலும் கொலராடோ என்ற வட்டத் தகடு, கொக்கிகளில் நீட்டிக் கோத்த பெரிய மண்புழு. ஜூன், ஜூலையில் களையோரத்தில் இதற்கு இணையில்லை. முன்னால் எடைக்கம்பி ஒன்று அடியை முட்டி முட்டிப் போக, மணிக்கு ஒரு மைல் வேகத்தில் இழுக்க வேண்டும். நூல் நீரோடு 45 பாகை சாய்ந்திருந்தால் எடை சரி. பின்னால் படுத்துப்போனால் கூடுதல் எடை போடுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

பதினொன்றில் அடுத்த மூன்று, கிராங்க் இரைகள், இழுக்க இழுக்க ஆழமாக மூழ்கும் மீன்வடிவ இரைகள்: ரீஃப் ரன்னர் இரண்டு, பாண்டிட் ஒன்று. ஒன்ராறியோ ஏரியில் கோடையைக் கழித்த பெரிய மீன்கள் இலையுதிர் காலத்தில் விரிகுடாவின் லாங் ரீச், அடால்ஃபஸ் ரீச் பகுதிகளுக்குத் திரும்புகின்றன. அவை அடியில் கிடப்பதில்லை. இரை மீன் கூட்டங்களைத் தொடர்ந்து நடுநீரில் திரிகின்றன. ஆகவே படகுக்குப் பின்னால் இரையை இழுத்துச் செல்வதே வழி. நூல் எத்தனை அடி போனது என்று காட்டும் எண்ணி பொருத்திய ரீல் எனக்கு இதில் மிகப் பயன்பட்டது. ஒரே இரை 80 அடி நூலில் ஓர் ஆழம், 150 அடியில் வேறோர் ஆழம். நூல் மெலிந்தால் இன்னும் கீழே போகும். மீன் பெரும்பாலும் மேல்நோக்கித்தான் பார்க்கிறது. ஒலிமானியில் தெரியும் மீனுக்குச் சற்று மேலே இரை ஓட வேண்டும், கீழே ஓடினால் வீண்.

ஓர் ஒக்டோபர் மாலை ஊதா இரைக்கு மூன்று மீன், வெள்ளிக்கு ஒன்றுமில்லை. வெள்ளியைக் கழற்றப் போனவன் நின்று, இரண்டு நூல்களின் நீளத்தையும் மாற்றிவிட்டேன். அடுத்த இரண்டு மீனும் வெள்ளியில்தான். அன்றிலிருந்து நான் புதிய வண்ணம் வாங்கவில்லை.

வேகத்துக்கு ஒரு வழி. படகை நேராக ஓட்டாமல் எஸ் போல் வளைத்து ஓட்டுங்கள். வளையும்போது உள்பக்கத்து இரை தளர்கிறது, வெளிப்பக்கத்து இரை விரைகிறது. எந்தப் பக்கம் கொத்துகிறதோ அதுவே அன்றைய வேகம். எனக்குப் பெரும்பாலும் மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு மைல். நீர் குளிரக் குளிரக் குறையும்.

பதினொன்றில் இன்னும் ஒன்று, ரபாலா நிறுவனத்தின் ஜிகிங் ராப், எடை கூடிய சிறு மீன்வடிவ இரை. பனிக்கட்டித் துளை வழியே பிடிப்பதற்கென உருவானது, கோடையிலும் உழைக்கிறது. சட்டென்று வெட்டி இழுத்து, நூலைத் தளரவிட வேண்டும். மந்தமாகக் கிடக்கும் மீன்கூடச் சினந்து கொத்துகிறது.

உபகரணத்தில் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். மலிவாகக் கிடைத்த ஒரு வகை இரையில் மும்முனைக் கொக்கி நேராக நிமிர்ந்து, படகின் ஓரம்வரை வந்த மீன் போய்விட்டது. இப்போது எந்த இரை வாங்கினாலும் கொக்கியைக் குறட்டால் வளைத்துப் பார்த்து, நம்பிக்கை இல்லாவிட்டால் மாற்றிவிடுகிறேன். பின்னல் நூலை மட்டி ஓடுகள் கத்திபோல் அறுக்கும். நுனியில் நான்கடி ஃபுளோரோகார்பன் நூல் கட்டாயம்.

வீட்டுக்குக் கொண்டுபோவது 45 சென்றிமீற்றர் அளவிலான மீன்களைத்தான். வெள்ளைச் சதை, முள் குறைவு, சொதிக்கு அப்படிப் பொருந்தும். பெரியவை அநேகமாக முட்டையிடும் பெண்கள், அவற்றில் பாதரசமும் கூடுதல். எந்த நீரில் எந்த அளவு மீனை எத்தனை முறை உண்ணலாம் என்பதை ஒன்ராறியோ அரசு தன் மீன் உணவு வழிகாட்டியில் வெளியிடுகிறது. குழந்தைகள் உள்ள வீடுகள் அதைப் பார்த்துவிட்டுச் சமையுங்கள்.

பதினொன்றில் மீதி இரண்டும் ஹஸ்கி ஜேர்க் என்ற மெலிந்த மீன்வடிவ இரைகள், 12, 14 சென்றிமீற்றர். படகு வேண்டாம், நவம்பர் இரவும் கற்கரையும் போதும். எறிந்து, மெல்லச் சுற்றி, நிறுத்துங்கள். இது மிதக்காது, அமிழாது, நீரின் நடுவே அப்படியே நிற்கும். கொத்து அந்த நிற்கும் நேரத்தில்தான் வரும். தலைவிளக்கை நீரின்மேல் அடிக்காதீர்கள். போன நவம்பரில் முடிச்சுப் போட விளக்கை ஏற்றியபோது, கற்களுக்கு இரண்டு மீற்றர் தள்ளி இரண்டு கண்கள் தணல்போல் மின்னி அணைந்தன. நான் அதுவரை அவற்றைத் தாண்டி முப்பது மீற்றர் எறிந்துகொண்டிருந்தேன். விளக்கை அணைத்து, இருபது நிமிடம் அசையாமல் நின்று, கரைக்கு ஒட்டினாற்போல் எறிந்தேன். மூன்றாவது நிறுத்தத்தில் கொத்தியது. 71 சென்றிமீற்றர். வயிற்றைக் கையில் தாங்கி நீருக்குள் பிடித்திருந்தேன். செவுள் நான்கைந்து முறை திறந்து மூடியதும், வாலை ஒருமுறை வீசிவிட்டு இருட்டுக்குள் போனது.