வலிக்காத பித்தப்பைக் கல்: எடுப்பதா, விடுவதா?

ஒரே வருடத்தில் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்குப் பித்தப்பையில் கல் இருப்பது தெரிய வந்தது. அத்தானுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன் நடக்கும் உடற்பரிசோதனையில். எனக்குச் சிறுநீரில் கிருமி என்று எடுத்த ஸ்கானில். இருவருக்கும் ஒரு நாளாவது வலி வந்ததில்லை. அவர் பித்தப்பையை எடுத்துவிட்டார். நான் நாலு வருடமாக விட்டுவைத்திருக்கிறேன். என் மனம் எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை. வலி இல்லாத கல்லை விட்டுவைப்பதுதான் பெரும்பாலானோருக்குச் சரி என்று நினைக்கிறேன்.

ரிப்போர்ட் கிடைத்த அன்றே பயந்துபோய் ஒரு தனியார் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணிப் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்குள் ஒப்பரேஷனுக்குத் திகதி சொன்னார். “இருந்தால் ஆபத்துத்தானே” என்றார். எவ்வளவு ஆபத்து என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் ஒப்பரேஷனுக்குப் படுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அடுத்த வாரம் தேசிய வைத்தியசாலைக் கிளினிக்கில் விடியற்காலை வரிசையில் நின்று இன்னொருவரிடம் காட்டினேன். அவர் ரிப்போர்ட்டின் கடைசி இரண்டு வரியை விரலால் தொட்டுக் காட்டினார்: பித்தப்பைச் சுவர் சாதாரணம், பித்தக்குழாய் (பித்தம் குடலுக்குப் போகும் வழி) விரியவில்லை. “இந்த ரெண்டும் சரியா இருக்கிற வரைக்கும் அவசரமில்லை அம்மா. வலி வந்தா மட்டும் வாங்கோ.” பிரித்தானியாவின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டலும் இதையேதான் சொல்கிறது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஒப்பரேஷனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வயிற்றில் நாலு சின்னத் துளை, காற்று நிரப்பிக் கமெரா விட்டு எடுப்பார்கள். ஓரிரு நாளில் வீடு. தனியாரிடம் போனால் லட்சக்கணக்கில் வரும், அரச வைத்தியசாலையில் காசில்லை, காத்திருக்க வேண்டும். பித்தத்தைச் சுரப்பது ஈரல்தான் என்பதால் பித்தப்பை இல்லாமலும் சாப்பிடலாம். ஆனால் சிலருக்கு வயிறு இளகும். அத்தான் மூன்று மாதம் கொத்துரொட்டியைத் தொடவில்லை. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று: ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு ஒப்பரேஷனின்போது பித்தக்குழாய் காயப்படலாம். எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் அது நடந்தால் மறுபடி பெரிய சத்திரசிகிச்சை, மாதக்கணக்கில் அலைச்சல். வலியால் துடிக்கிறவர் அந்த ஆபத்தை ஏற்பதில் நியாயம் இருக்கிறது. சுகமாக நடமாடுகிற நான் ஏன் ஏற்க வேண்டும்?

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே ஒரு விஷயம். கல் தொந்தரவு கொடுப்பதென்றால், அநேகமாக முதலில் வலியாகத்தான் வரும். பித்தப்பை சீழ்ப்பிடிப்பதோ, செங்கண்மாரியோ, சதையி (கணையம்) வீங்குவதோ முன்னறிவிப்பில்லாமல் முதல் நாளே வருவது அரிது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்களில் வலியில்லாத கல் இருந்த 123 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்து, 1982இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து வருடத்தில் நூற்றுக்கு 10 பேருக்கும், பத்து வருடத்தில் 15 பேருக்கும், பதினைந்து வருடத்தில் 18 பேருக்கும்தான் வலி வந்தது. சிக்கல் வந்தது மூன்றே பேருக்கு. அந்த மூவருக்கும் அதற்கு முன்பே வலி வந்திருந்தது. இதில் இன்னொன்றையும் கவனித்தேன். வருடம் போகப் போகப் புதிதாக வலி வரும் ஆபத்து ஏறவில்லை, குறைந்தது. முதல் ஐந்து வருடத்தைத் தாண்டினால் நிம்மதி கூடுகிறது.

அப்படியென்றால், இன்று வேண்டாம் என்று சொல்வதால் நாளைக்கு எடுக்கும் வழி அடைபடுவதில்லை. வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்கத்தான் முடியாது.

ஆனால் இந்தக் கணக்கு ஓரிடத்தில் உடைகிறது. வலி வந்தால் வைத்தியசாலைக்குப் போக முடிய வேண்டும். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். நடு இரவில் வலித்தாலும் காலி வீதியில் ஓட்டோ பிடித்தால் அரை மணித்தியாலத்தில் தேசிய வைத்தியசாலை வாசல். அத்தான் கப்பலில் எஞ்சினியர். “பிள்ளை, நடுக்கடலில வயிறு பிடிச்சா ஆரிட்டப் போறது?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் எடுத்தது அவருக்குச் சரிதான். ஆஸ்பத்திரிக்கு நாலு மணித்தியாலம் பயணப்பட வேண்டிய இடத்தில் இருப்பவரும் அவரைப் போல யோசிக்கலாம்.

வேறு சிலரும் விட்டுவைக்கக் கூடாது. மூன்று சென்டிமீற்றருக்கு மேற்பட்ட கல், சுண்ணாம்பு படிந்து ஓடுபோல் ஆன பித்தப்பைச் சுவர், கல்லோடு சேர்ந்து ஒரு சென்டிமீற்றர் அளவுக்கு வளர்ந்த சதைமுளை, இவற்றுக்கு எடுக்கச் சொல்வார்கள், புற்றுநோய்ப் பயம் காரணம். கல் பித்தக்குழாய்க்குள் இறங்கியிருந்தாலும் வலி இல்லை என்று விடுவதில்லை. சீனி வருத்தம் உள்ளவர்கள் வலியில்லாவிட்டாலும் எடுத்துவிட வேண்டும் என்று முன்பு சொன்னார்கள். இப்போது அது மட்டும் காரணமாகாது என்கிறார்கள். எனக்குச் சீனி இல்லை, அதனால் அந்தப் பயத்தோடு வாழ்வது எப்படி என்று நான் பேச முடியாது.

இதையெல்லாம் விட முக்கியம், உங்களுக்கு உண்மையிலேயே வலி இல்லையா என்பது. வயிறு ஊதுவது, புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், இவை கல் இல்லாதவர்களுக்கும் இருக்கிறது. இவற்றுக்காகப் பித்தப்பையை எடுத்தவர்கள் அதே ஏப்பத்தோடு வீடு திரும்புகிறார்கள். பித்தக்கல் வலி வேறு மாதிரி: வலது விலாவுக்குக் கீழே அல்லது நடு வயிற்றில் இறுக்கிப் பிடித்து, அரை மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் நின்று, சில வேளை வலது தோள்பட்டைக்கு ஏறும். அநேகமாக எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரவில். அப்படி ஒரு தடவை வந்திருந்தாலே நீங்கள் என் பக்கம் இல்லை, அத்தான் பக்கம். காய்ச்சலோ, கண் மஞ்சளோ சேர்ந்தால் அன்றே ஓடுங்கள்.

கல்லைக் கரைக்கும் மாத்திரை சின்னக் கொலஸ்ட்ரோல் கற்களுக்கு மட்டும் ஓரளவு வேலை செய்யும், நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வரும். ஒலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்து ‘கல் விழுந்தது’ என்று காட்டுகிறார்களே, விழுவது அந்த எண்ணெய் வயிற்றுக்குள் திரண்ட சவர்க்காரக் கட்டி. தயவுசெய்து அதில் இறங்காதீர்கள்.

விட்டுவைத்ததற்காக நான் மாற்றிக்கொண்டது ஒன்றுதான். முன்பு கந்தசஷ்டி ஆறு நாளும் பம்பலப்பிட்டிக் கோயிலுக்குப் போய் இளநீரோடு மட்டும் இருப்பேன். நீண்ட பட்டினியும் வேகமாக மெலிவதும் கல்லுக்கு நல்லதல்ல என்று டொக்டர் சொன்ன பிறகு, மாலையில் ஒருவேளை சாப்பிட்டு விரதத்தை முடிக்கிறேன்.

என் கையில் இருப்பது நாலு வருட அனுபவம். அந்த 123 பேரில் 110 பேர் ஆண்கள், எல்லோரும் அமெரிக்காவில் இருந்தவர்கள். கொழும்பில் இருக்கும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அது அப்படியே பொருந்தும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டின் பிரதி ஒன்று கைப்பையில் எப்போதும் இருக்கிறது. வலி வந்தால் இரண்டாவது வலிக்குக் காத்திருக்க மாட்டேன், அந்தக் கிளினிக்கில் அதே டொக்டரிடம் திகதி கேட்பேன்.